மட்டக்குதிரையின் வயிற்று நோவும் நம் கடமையும்
(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும், மொழியின் தொன்மையைப் பாராட்டுவதும், பிள்ளைகளின் கல்வி குறித்து அறிவுரை கூறுவதும் வழக்கம். இன்று நமக்கு அளிக்கப்பட்ட பொருளோ சற்றுப் புதுமையானது. குழந்தைகள் கொஞ்சி வளர்க்கும் மட்டக்குதிரைக்குத் திடீரென வயிற்று நோவு கண்டால் என் செய்வது என்பதே அது. விழா மேடைக்கு இது ஏற்றதா என்று சிலர் எண்ணக்கூடும். வாயில்லா உயிர் நள்ளிரவில் நோவால் துடிக்கும்போது, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் குழந்தையைக் கண்டவர் எவரும் இப்பொருளைச் சிறிதென்று சொல்லார்.

நாம் வாழும் பகுதியை முதலில் எண்ணிப் பாருங்கள். ஒருபுறம் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில் சிற்றூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு; மறுபுறம் இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, மறையூர், தேவிகுளம், குமுளி. இவ்விரு பகுதிகளிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தபோது எல்லைக்கோடு நம் வீட்டு வாசலில் விழுந்தது. எனினும் மக்களும் கால்நடைகளும் அக்கோட்டைக் கடந்து போய்வருவது நிற்கவில்லை. ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின்போது கூடும் குதிரைச் சந்தையை அறியாதார் உண்டோ? தத்தமங்கலத்து அங்காடி வேலையில் நடக்கும் குதிரையோட்டத்தையும் நம்மவர் பலர் கண்டிருப்பர். மூணாற்றை அடுத்த குண்டளை ஏரிக்கரையில் சுற்றுலா வருவோரைச் சுமக்கும் குதிரைகளைக் கொண்டே வயிறு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. இப்போது வசதியுள்ள சிலர் இடுப்பளவு உயரமே உள்ள குறுமட்டக் குதிரைகளைப் பிள்ளைகளின் விருப்பத்திற்காக வாங்கி வளர்க்கின்றனர். ஆசையாக வாங்குகிறோம், அழகாகப் பெயர் சூட்டுகிறோம், தோளில் சாய்த்துப் படம் எடுக்கிறோம். ஆனால் அதன் வயிறு எத்தகையது என்பதை அறிந்து வாங்குவோர் சிலரே.

குதிரையின் உணவை அறியாமையால் தமிழ்நாடு பட்ட இழப்பு வரலாற்றிலேயே பதிவாகியுள்ளது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிசு நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு மன்னர்கள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் மிகச் சிலவே எஞ்சியதையும் எழுதி வைத்தார். குதிரைக்கு மருத்துவம் அறிந்தவர் இங்கே இல்லை என்றும், அத்தகையோர் இங்கு வந்து சேராதபடி வணிகர் பார்த்துக்கொண்டனர் என்றும் குறிப்பிட்டார். குதிரைகள் இறந்தால்தானே மறு ஆண்டும் விற்பனை நடக்கும்! அக்காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் என்பவரும், இங்கே குதிரைகளுக்கு வறுத்த தானியமும், நெய்யிட்டுச் சமைத்த உணவும், காய்ச்சிய பாலும் கொடுத்தனர் என்று வியப்போடு எழுதினார். அன்பு குறைவாக இருந்ததால் அக்குதிரைகள் மாளவில்லை. நமக்கு இனிப்பது அதற்கும் இனிக்கும் என்று எண்ணிய அன்பு அது. எழுநூறு ஆண்டுகள் கழிந்தும், திருமண வீட்டுப் பாயசத்தையும் பொங்கல் நாளின் சர்க்கரைப் பொங்கலையும் வாளியில் கொண்டுபோய் மட்டக்குதிரையின் முன் வைக்கும் கை நம்மிடையே இன்னும் இருக்கிறது.

வயிற்றின் அமைப்பு

ஆட்டுக்கும் மாட்டுக்கும் செய்வதையே குதிரைக்கும் செய்தால் போதும் என்பது பலரின் நினைப்பு. அது பெரும்பிழை. மாட்டின் இரைப்பை நான்கு அறைகள் கொண்டது. உண்டதை மீண்டும் வாய்க்குக் கொணர்ந்து அசைபோடும். குதிரையின் இரைப்பை ஒற்றை அறை கொண்டது. உடலின் அளவை நோக்க மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே ஏறத்தாழ 8 முதல் 15 லிட்டர் வரைதான் அது கொள்ளும் என்றால், குறுமட்டத்தின் இரைப்பை எவ்வளவு சிறிதாயிருக்கும் என்பதை எண்ணிக் கொள்ளுங்கள். உணவுக்குழல் இரைப்பையில் சேரும் இடத்தில் உள்ள தசைவளையம் மிக இறுக்கமானது. குழலும் சாய்வாகச் சேர்கிறது. ஆதலால் குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. நாம் தகாததை உண்டால் வயிறு அதை வெளியே தள்ளிவிடும். குதிரைக்கோ உள்ளே போனது பின்வழியாகவே வெளியேற வேண்டும்.

அந்தப் பின்வழியும் எளிதன்று. பெரிய குதிரையின் சிறுகுடல் மட்டும் 20 மீட்டர் அளவு நீளமுடையது. அதன்பின் புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்கும் பெருங்குடல் அகன்றும் குறுகியும் மடிந்தும் கிடக்கிறது. இடுப்புக்கு அருகே அது திரும்பும் மடிப்பில் குழாய் சட்டெனக் குறுகுகிறது. நீர் குறைந்த, நன்றாக மெல்லப்படாத தீவனம் அவ்விடத்திலேயே பெரும்பாலும் அடைத்துக்கொள்கிறது. மேலும் பெருங்குடலின் பெரும்பகுதி உடற்சுவரோடு இறுகக் கட்டுண்டிராமல் தளர்ந்து கிடப்பதால், காற்று மிகுந்தால் இடம் பெயரவோ முறுக்கிக்கொள்ளவோ கூடும். குறுமட்ட இனத்தில் சிறு பெருங்குடலில் லத்தி உருண்டு கல்போல் இறுகி அடைப்பதும் மருத்துவர் அடிக்கடி காண்பதாகும்.

ஆகவே வயிற்று நோவு என்பது ஒரு நோயின் பெயரன்று. உள்ளே நேர்ந்த பலவகைத் தொல்லைகளுக்கும் வெளியே தெரியும் ஓர் அடையாளமே அது. காற்று தங்கி வந்த நோவாயின் ஒரு மணி நேரத்தில் தணியலாம். குடல் முறுக்கிக்கொண்டதாயின் சில மணி நேரத்தில் உயிரையே கொண்டுபோகலாம். தொடக்கத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நம் கவலையெல்லாம் இங்கேதான்.

நோவின் அறிகுறிகள்

சூலை நோயின் கொடுமையைத் திருநாவுக்கரசர் வரலாற்றின் வாயிலாக நாம் அறிவோம். அவருக்குத் தமக்கை திலகவதியாரிடம் சென்று சொல்ல வாய் இருந்தது. குதிரைக்கு உடலே வாய். தீவனத்தைத் தொடாமல் நிற்கும்; முன்காலால் தரையைச் சுரண்டும்; தலையைத் திருப்பித் தன் விலாவைப் பார்க்கும்; மேலுதட்டைச் சுருட்டும்; சிறுநீர் கழிப்பதுபோல் உடலை நீட்டிக்கொண்டு வீணே நிற்கும்; வியர்க்கும்; படுக்கும், எழும், மறுபடி படுக்கும்; நோவு மிகுந்தால் புரளும், பின்காலால் தன் வயிற்றையே உதைக்கும். லத்தி போடாமையும், வழக்கத்தினும் சிறுத்துக் காய்ந்து போடுவதும் முன்னறிகுறிகள். குறுமட்டங்கள் சில நோவைப் பொறுத்துக்கொண்டு ஒரு மூலையில் சோர்ந்து நிற்பதோடு சரி. அமைதியாக நிற்கிறதே என்று நாம் உறங்கப் போய்விடலாகாது. தீவனத்தை மறுக்கும் மட்டக்குதிரை நோயுற்றது என்றே கொள்ளுதல் வேண்டும்.

முதல் ஒரு மணி நேரம்

ஒரு வீட்டைக் கற்பனை செய்து கொள்வோம். தை மாதத்து இரவு, மூணாற்றுப் பக்கத்தில் கடுங்குளிர், மணி பத்து. மட்டக்குதிரை தரையைச் சுரண்டிக்கொண்டு நிற்கிறது. வீட்டார் என்ன செய்தல் வேண்டும்?

முதற்கண் லாயத்தில் உள்ள தீவனம் அனைத்தையும் அகற்ற வேண்டும். குடிநீரை மட்டும் வைக்கலாம். கூர்மையான பொருள்களை அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். எவ்வளவு சாதுவான விலங்காயினும் நோவில் யாரை உதைக்கிறோம் என்பதை அறியாது. அடுத்து மருத்துவரை அழைக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. அவர் வரும்வரை சில எண்களைக் குறித்து வைக்க வேண்டும்.

நாடித் துடிப்பு முதலாவது. கீழ்த்தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை மெல்ல வைத்தால் நாடி தட்டுப்படும். அல்லது இடது முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் காதை வைத்தோ கருவி கொண்டோ கேட்கலாம். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு; குறுமட்டத்திற்குச் சற்றுக் கூடலாம். 60-ஐத் தாண்டித் தணியாமல் நின்றால் நிலைமை கடுமையானது என்று பொருள். மூச்சு ஓய்வில் நிமிடத்திற்கு 8 முதல் 16 வரை. உடல் வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியசு வரை. ஈற்றின் மேல் விரலை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஈறு இளஞ்சிவப்பாகவும் ஈரமாகவும் இருப்பது நலம். செங்கல் நிறமாகவோ நீலம் பாய்ந்தோ காய்ந்தோ இருப்பது தீங்கு. விலாவின் இருபுறமும், மேலும் கீழுமாக நான்கு இடங்களில் காது வைத்துக் கேட்டால் குடல் இரையும் ஓசை எழ வேண்டும். ஓசையே இல்லாதிருப்பது நல்லதன்று. கடைசியாக லத்தி போட்ட நேரம், கடைசியாக உண்ட தீவனம், குடித்த நீரின் அளவு ஆகியவற்றையும் எழுதி வைக்க வேண்டும்.

எல்லையில் வாழும் நமக்கு இவ்வெண்கள் இருமடங்கு பயன் தருவன. வரும் மருத்துவர் மலையாளம் பேசுபவராக இருக்கலாம். புதிதாகக் குடியேறிய நம்மவரிடம் அவர் 'வெள்ளம் குடித்ததா?' என்று கேட்டால், ஆற்று வெள்ளத்தை நினைத்துத் திகைப்பவரும் உண்டு. அவர் கேட்டது தண்ணீரை. நோவின் தன்மையை நம் சொற்களால் விளக்கப் புகுந்து காலம் போக்குவதைவிட, 'நாடி 64, வெப்பம் 38, மாலை நான்கு மணிக்குப்பின் லத்தி இல்லை' என்று சொன்னால் அரை நிமிடத்தில் எல்லாம் விளங்கும். எண்ணுக்குத் தமிழென்றும் மலையாளமென்றும் வேற்றுமை இல்லை.

நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திகளை அழைக்க 1962 என்னும் எண் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலங்களிலும் வழங்குகிறது. எல்லையில் உள்ளோர் பேச்சைத் தொடங்கும்போதே எந்த மாநிலம், எந்த மாவட்டம், எந்த ஊர் என்பதைச் சொல்லிவிடுதல் நலம். பெரிய மருத்துவம் வேண்டின், பாலக்காட்டுப் பகுதியினர்க்குத் திருச்சூரை அடுத்த மண்ணுத்தியில் 1955 முதல் விளங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி அருகில் உள்ளது. இடுக்கி மலையிலிருந்து கிழக்கே இறங்குவோர்க்குத் தேனியிலும் அத்தகைய கல்லூரி உண்டு. நள்ளிரவில் மலைப்பாதையில் குதிரையை ஏற்றிச் செல்ல வண்டி எது, ஓட்டுநர் யார் என்பதை நோவு வருமுன்பே தீர்மானித்து வைப்பவரே அறிவுடையார்.

செய்யத் தகாதவை

நாம் ஆர்வத்தால் செய்யும் சில செயல்கள் நோவினும் கொடியனவாகிவிடும். மாட்டுக்கு மருந்து புகட்டுவதுபோல் மூங்கில் குழாயிலோ புட்டியிலோ எண்ணெயையும் கஷாயத்தையும் வாயில் ஊற்றுதல் கூடவே கூடாது. அஞ்சித் தலையை உயர்த்தியிருக்கும் குதிரையின் நுரையீரலில் அது புகுந்தால், வயிற்று நோவு தீர்ந்தும் நுரையீரல் அழற்சியால் உயிர் போகும். எண்ணெய் தேவையாயின் மருத்துவர் மூக்கு வழியே இரைப்பைக்குக் குழாய் செலுத்திக் கொடுப்பார். அதே குழாயால் இரைப்பையில் தேங்கிய நீரையும் காற்றையும் வெளியேற்றுவார். வாந்தி எடுக்க இயலாத உயிருக்கு அக்குழாய் ஒன்றே வாயில்.

வீட்டில் கிடக்கும் வலி மருந்தைத் தாமாகக் கொடுத்தலும் தவறு. வலி மறையும்; காரணம் மறையாது; மருத்துவரின் கணிப்பும் பிறழும். மனிதரின் மருந்துகள் சில குதிரையின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்படுத்தும்.

குதிரை படுத்தால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று அஞ்சி, இரவு முழுதும் இழுத்துக்கொண்டு நடப்பாரும் உளர். அமைதியாகப் படுத்திருக்கும் குதிரையைப் படுக்க விடுவதே நன்று. புரண்டு தன்னைக் காயப்படுத்திக் கொள்ளும் நிலையில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடத்தலாம். இடையே ஓய்வு கொடுக்க வேண்டும். களைப்புற்ற உடல் நோவைத் தாங்காது.

கடினமான முடிவு

நற்செய்தி ஒன்று சொல்வோம். வயிற்று நோவுகளுள் பெரும்பாலானவை உரிய காலத்து மருத்துவத்தால் தீர்ந்துவிடுகின்றன. ஒரு சிறு பகுதியே அறுவை மருத்துவம் இன்றித் தீராதவை. அந்தச் சிறு பகுதியே நம்மைச் சோதிப்பது. குதிரைக்கு வயிற்றறுவை செய்ய வல்ல நிலையங்கள் அருகில் இல்லை. பொருட்செலவோ மிகப் பெரிது. மலையிறங்கும் பயணத்தை நோயுற்ற உயிர் தாங்குமா என்பதும் ஐயம். நாடி ஏறிக்கொண்டே போகிறது, மருந்துக்கும் வலி அடங்கவில்லை, ஈறு கறுக்கிறது என்னும் நிலையில், நோவின்றி உயிரடங்கச் செய்யும் ஊசியைப் பற்றி மருத்துவர் பேசக்கூடும். அதைக் கொலை என்று எண்ணி அவரைக் கடிந்துகொள்ளலாகாது. நம் பிரிவாற்றாமையைத் தள்ளிப்போட அவ்வுயிரை இன்னும் ஆறு மணி நேரம் துடிக்கவிடுவது அன்பாகாது.

பிள்ளைகளிடம் பொய் சொல்லுதலும் வேண்டா. 'ஊருக்கு அனுப்பிவிட்டோம்' என்றால், அது திரும்பி வருமென்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பர். நோயுற்றது, முயன்றோம், இயலவில்லை, வலியின்றி உறங்கிவிட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். விரும்பினால் அதன் பிடரியை ஒருமுறை தடவி விடைகொடுக்க விடுங்கள். பெரியவர் அழுவதைப் பிள்ளைகள் காண்பதில் இழுக்கொன்றும் இல்லை.

வருமுன் காத்தல்

வருமுன் காப்பதில் முதலிடம் நீருக்கே. 100 கிலோ எடையுள்ள குறுமட்டத்திற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீர் வேண்டும். வெயிலில் இன்னும் மிகும். பாலக்காட்டில் மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியே வீசும் உலர்ந்த கீழைக்காற்றும், பங்குனி, சித்திரை வெயிலும் உடலின் நீரை உறிஞ்சுவன. மூணாற்றிலோ உறைபனிக் காலையில் தண்ணீர் பல்லைக் கூசச் செய்வதால் குதிரை குடிக்காமலே நிற்கும். அங்கே நீரை வெதுவெதுப்பாக்கி வைத்தல் நலம். வெயிலூரில் ஒருவகை, குளிரூரில் ஒருவகை. முடிவு இரண்டிற்கும் ஒன்றே, குடலில் அடைப்பு.

இரண்டாவது தீவனம். வைக்கோலையே முழு உணவாக்குதல் தகாது. அது கரடுமுரடானது, அடைப்பை உண்டாக்க வல்லது. நல்ல புல்லும் உலர்புல்லும் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். கொள்ளும் தவிடும் குறுமட்டத்திற்கு மிகக் குறைவாகவே போதும். கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுத்தல் நம் பழைய வழக்கம், அது நன்று. தீவனத்தை மாற்றுவதாயின் ஒரு வாரம், பத்து நாள் கொண்டு மெல்ல மாற்ற வேண்டும். பூஞ்சை பூத்த தீவனத்தைக் குப்பையில் கொட்டுங்கள். வெறும் மணலில் தீவனத்தைப் போடாமல் தொட்டியில் இடுங்கள்.

மூன்றாவது விருந்து. 2024 சூன் மாதம் கொல்லம் மாவட்டத்தில் ஒரு பண்ணையில் பரோட்டாவும் பலாப்பழமும் மிகுதியாக உண்ட மாடுகள் ஐந்து இறந்த செய்தியை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். நான்கறை இரைப்பை உடைய மாடே தாங்காத விருந்தை ஓரறை இரைப்பை உடைய குறுமட்டம் எவ்வாறு தாங்கும்? ஓண விருந்தின் இலையையும் பொங்கற் பானையின் அடியையும் அதனிடம் கொண்டு செல்லாதீர்கள். தெருவில் மேயவிட்டு நெகிழிப் பைகளைத் தின்னச் செய்யாதீர்கள்.

நான்காவது, பல்லும் புழுவும். கூர்மையேறிய பல்லால் மெல்ல முடியாது, மெல்லாதது அடைக்கும். ஆண்டுக்கொருமுறை பல்லைப் பார்க்கச் செய்ய வேண்டும். குடற்புழு நீக்கத்தை மருத்துவர் சொன்ன முறைப்படி நடத்த வேண்டும்.

இன்னும் ஒன்று, குறுமட்டத்திற்கே உரியது. நோவு தீர்ந்த பின்னரும் அது ஓரிரு நாள் உண்ணாதிருந்தால், உடலில் உள்ள கொழுப்பு குருதியில் மிகுதியாகக் கலந்து ஈரல் கெடும். கொழுத்த குறுமட்டத்திற்கு இவ்வாபத்து மிகுதி. ஆகவே உடல் இளைக்கட்டும் என்று பட்டினி போடுதலும், உண்ணாமையைக் கண்டும் காணாதிருத்தலும் தீது. மீண்டும் எப்போது, எவ்வளவு தீவனம் தொடங்குவது என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள்

பெரியோர்களே! நம் குடியிருப்புகளில் கால்நடை வளர்ப்போர் ஒருவருக்கொருவர் துணை நிற்க நம் சங்கம் வழி செய்தல் வேண்டும். லாயத்துச் சுவரில் ஒட்ட ஒரு தாள் அச்சிட்டு வழங்குவோம். அதில் இயல்பான நாடி, மூச்சு, வெப்ப எண்கள், அருகிலுள்ள மருத்துவமனையின் எண், இரவில் வண்டி தர இசைந்தவரின் எண் ஆகியவை இருக்கட்டும். ஒருபுறம் தமிழிலும் மறுபுறம் மலையாளத்திலும் இருக்கட்டும். நலமாக இருக்கும் நாளிலேயே பிள்ளைகளைக் கொண்டு குதிரையின் நாடியை எண்ணிப் பழகச் செய்வோம். தன் குதிரையின் இயல்பான எண்ணை அறிந்த குழந்தை, அது மாறும்போது முதலில் அறிந்து சொல்லும். நள்ளிரவில் அண்டை வீட்டு லாயத்தில் விளக்கு எரியக் கண்டால் 'என்ன நேர்ந்தது?' என்று சென்று கேட்போம். மலையாளம் அறிந்தவர் அறியாதவருக்காக மருத்துவரிடம் பேசட்டும். வண்டியுள்ளவர் இல்லாதவருக்கு ஓட்டட்டும். பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு உறவினர் தொலைவில் உள்ளனர். அண்டை வீட்டாரே உற்றார்.

வாயில்லா உயிரை வீட்டுக்குள் அழைத்தவர் நாம். அது நம்மைக் கேட்டு வரவில்லை. அதன் நோவை அறிந்து நடப்பது நாம் காட்டும் இரக்கமன்று, நாம் பட்ட கடன். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!